தேனில் விழுந்த சேவல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், விருந்தாளிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த கேப் கழன்று தட்டில் விழுந்தது. டங் என்று சத்தம் வேறு.

எவர்சில்வர் தட்டு... சத்தம் வராமல் இருக்குமா?

கேப்பைக் கழற்றியது ஒரு கோழித் துண்டு. சைனீஸ் ஸ்டைல் தேன் கோழி. வாழ்க்கையில் முதல் முறையாக நானே என் கையால் சமைத்தது. எப்படிச் சமைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எதற்காகச் சமைத்தேன் என்று சொன்னால் திட்டுவீர்கள். இரண்டையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பகுதியை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மாதம் முன்பு, கல்யாணத்துக்காகச் சென்னை போன இடத்தில் ஒரு சைனீஸ் ஹோட்டலில் ஹனி சிக்கன் சாப்பிட்ட கதையை எழுதினேன். மொறுமொறுவென்று இருந்தது, இனிப்பும் லேசான புளிப்பும் சேர்ந்திருந்தது, மேலே எள் தூவியிருந்தார்கள் என்றெல்லாம் உருகினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "உலகத்தில் கோழிக்கு எத்தனையோ அவதாரம். திண்டுக்கல்லில் என் வீட்டில் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழம்பு, ஒரே நிறம், ஒரே ருசி" என்று கடைசியில் ஒரு போடு போட்டேன்.

வாசகர்கள் ரசித்தார்கள். போன் போட்டுச் சிரித்தார்கள். 'எங்க வீட்டுலயும் இதே கதைதான் சார்' என்று நாலைந்து கணவன்மார்கள் ரகசியக் குரலில் பாராட்டினார்கள். நானும் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி அமலா.

அமலா கணக்கு டீச்சர். சண்டை போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் அவளுக்குச் சத்தம் குறையும்... அதுதான் ஆபத்து. அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் கோழி நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் பருப்பு, ரசம், ஏதோ ஒரு வெஞ்சனம். ஒருநாள் தயங்கித் தயங்கி, "வரும்போது கோழி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? அதே குழம்புதான வைப்பேன்" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நாலாவது வாரம் தீர்ப்பு வந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை எங்கண்ணனும் மதினியும் வாராங்க. கோழி நீங்கதான் வைக்கணும். அந்தத் தேன் கோழி."

"நானா? எனக்கு வெந்நீர் வைக்கவே..."

"அம்புட்டு எழுதத் தெரியுதுல்ல? செய்யவும் தெரியும்."

அவளுடைய அண்ணனை நான் மச்சான் என்பேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். அந்த ஊரிலேயே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டதால், பேச்சில் 'ங்க' போடாமல் அவரால் கொட்டாவிகூட விட முடியாது. வருஷத்தில் ஒருமுறை வருகிற மனிதர். அவர் முன்னால் என் மானமும், அதைவிட முக்கியமாக, ஒரு மாதமாக எனக்குப் பாதி முகத்தையே காட்டிக்கொண்டிருக்கும் அமலாவின் மீதி முகமும் அந்தக் கோழியை நம்பித்தான் இருந்தன. நன்றாக வந்தால் சமாதானம். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

செல்போனில் ஒரு வீடியோவை ஏழு தடவை பார்த்தேன். அதில் சமைத்துக் காட்டிய பெண் தெளிவாகச் சொன்னாள் - எலும்பில்லாத பிராய்லர் கோழி, நெஞ்சுக்கறி, சின்னச் சின்னத் துண்டாக. மற்ற எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இதை மட்டும் எழுதவில்லை. மச்சானுக்கு பிராய்லரா? தங்கச்சி வீட்டுக்கு வருகிற அண்ணனுக்கு பிராய்லர் வைத்தால், எங்கள் பக்கம் அது மரியாதைக் குறைச்சல். நாலு பேருக்குத் தெரிந்தால் 'அம்புட்டுத்தானா?' என்பார்கள். சைனாக்காரனுக்கு எங்கள் ஊர் மரியாதை எப்படித் தெரியும்? நாமே கொஞ்சம் திருத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அய்யலூர் சந்தைக்குப் போனேன். ஆடுகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக் கோழி விற்கிற பக்கம் போனால், ஒருவர் ஒரு கறுஞ்சிவப்புச் சேவலைத் தூக்கிக் காட்டினார். அதுவும் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"எத்தனை வயசு?"

"ரெண்டு வருசம் தாண்டியிருச்சுண்ணே. கால் முள்ளப் பாருங்க, எம்புட்டு நீளம்! எளசெல்லாம் உங்களுக்கு வேணாம்ணே. தண்ணியா இருக்கும்."

அவர் குழம்புக்குச் சொன்னார். நான் தேனுக்குக் கேட்டுக்கொண்டேன்.

துணிப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு சேவல் என்னோடு பஸ்ஸில் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் அதன் மார்பைத் தொட்டுப் பார்த்து, 'கெட்டி' என்றார். பாராட்டு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். வீட்டில் அமலா சேவலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத வச்சா?"

"ஆமா. மச்சானுக்கு பிராய்லரா வைக்கிறது?"

"நல்லது" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். ஒரு மாதத்தில் முதல் முறையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சமாதானத்தின் முதல் படி என்று நான் குறித்துக்கொண்டேன். என்ன மாதிரி மண்டை எனக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குச் சேவலைக் கொண்டுபோனேன். கடைக்காரர் வழக்கம்போல இறகைப் பிடுங்கி, தீயில் வாட்டி, தோலோடு மஞ்சளைப் பூசித் தேய்த்துவிட்டார். எங்கள் ஊரில் நாட்டுக்கோழிக்கு அதுதான் முறை. "ஐயோ, மஞ்சள் வேண்டாமே" என்று நான் சொல்வதற்குள் சேவல் நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"எலும்ப எடுத்துட்டுத் தாங்க" என்றேன்.

கத்தி நின்றது. "எலும்ப எடுத்தா இதுல என்னண்ணே இருக்கு? வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

எலும்போடே வாங்கி வந்தேன்.

சமையலறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டேன். சோயா சாஸ், வினிகர், பூண்டு, சோளமாவு, முட்டை. வீடியோவில் சொன்னபடி பிசைந்து, எண்ணெயில் போட்டேன். 'ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும்' என்றாள் அந்தப் பெண். ஆனது. மஞ்சள் புண்ணியத்தில் இரண்டே நிமிடத்தில் ஆனது. மேல்மாவு கலகலவென்று சத்தம் போட்டது. வெந்துவிட்டதா என்று பார்க்க முள்கரண்டியால் குத்தினேன். கரண்டியின் ஒரு பல் வளைந்தது. இன்னும் பத்து நிமிடம் போட்டேன். அப்புறம் இன்னொரு பத்து. பொன்னிறம் போய்ச் செங்கல் நிறம் வந்தது.

அடுத்தது தேன். கடைத் தேன் எதற்கு என்று, சிறுமலையிலிருந்து வந்த அசல் மலைத்தேனை ஒரு கப் ஊற்றிக் காய்ச்சினேன். அது பொங்கியது, நுரைத்தது, பாகானது. கோழித் துண்டுகளைப் போட்டுப் புரட்டினேன். எள் தூவினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்க அப்படி ஓர் அழகு! போட்டோகூட எடுத்தேன்.

அழகாக ஆறியது. ஆற ஆறத் தேன் இறுகியது. மேஜைக்கு வரும்போது ஒவ்வொரு துண்டும் ஒரு கமர்கட்டு. உள்ளே இரண்டு வருஷத்துச் சேவல்.

மச்சான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மெல்லத் தொடங்கினார். நாங்கள் காத்திருந்தோம். சாதம் வைத்தோம். ரசம் ஊற்றினோம். அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு மச்சான்?"

கையைக் காட்டி 'பொறுங்க' என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ருசியெல்லாம் இருக்குதுங்க மாப்ள. ஆனா செத்த நேரம் புடிக்குதுங்க."

அவருடைய மனைவி, "ஏனுங்கண்ணா, இது தின்பண்டமுங்களா, கறிங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். கிண்டல் இல்லை. அந்த அம்மாவுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

'இதில் என்ன கஷ்டம், இப்படிக் கடிக்க வேண்டும்' என்று வழிகாட்டுவதற்காக நான் ஒரு தொடையை எடுத்துக் கடித்தேன். அப்போதுதான் அந்த டங்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒட்டன்சத்திரத்திலிருந்து பசியோடு வந்த இரண்டு பேர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அமலா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அமலா... ஏதாவது பண்ணேன். அவங்க பட்டினியாப் போயிருவாங்க."

"பண்ணலாம். ஆனா எனக்கு ஒரே குழம்புதான் வைக்கத் தெரியும்."

"அது சும்மா தமாஷுக்கு எழுதுனது..."

"தமாஷா?" இப்போது சத்தம் கூடியது. எனக்கு உயிர் வந்தது. "ஸ்டாஃப் ரூம்ல சத்தமாப் படிச்சாங்க. நான் டிபன் பாக்ஸத் தெறந்தா 'டீச்சர், இன்னைக்கும் அதே நெறமா?'ங்கிறாங்க. நேத்து வந்த புது டீச்சர் வரைக்கும் சிரிக்கிறா. ஒரு மாசமா நான் தனியா உக்காந்து சாப்பிடுறேன். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் கேட்கவே இல்லை.

"இன்னொண்ணும் சொல்றேன். கல்யாணமான புதுசுல தேங்காப்பால் ஊத்தி ஒரு குழம்பு வச்சேன். தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிப் போனீங்க. 'எங்கம்மா வைக்கிற மாதிரியே வையி, எதையும் மாத்தாத'ன்னு சொன்னது யாரு? அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் மாத்தல. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

வாரா வாரம் எதையாவது ஞாபகப்படுத்தி எழுதுகிற எனக்கு இது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் சொன்னதும் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பூசி மெழுக ஒன்றும் இல்லை - கேவலமாக இருந்தது.

கூடத்துக்குப் போனேன். "மச்சான்... அமலாவப் பத்தி பேப்பர்ல எழுதுனேன்ல, அது தப்பு. அந்தக் குழம்ப மாத்தவே கூடாதுன்னு சொன்னதே நான்தான்" என்றேன். கேப் இல்லாத பல் வழியாகக் காற்று வேறு போனது.

மச்சான் வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கினார். "இத என்கிட்டச் சொல்லி என்னங்க மாப்ள? பேப்பர்லதானுங்க போட்டீங்க?"

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அமலா அத்தனை துண்டுகளையும் வெந்நீரில் போட்டு, மாவையும் தேனையும் உரித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்ன வெங்காயத்தை நான்தான் உரித்தேன். குக்கரில் எட்டு விசில். சேவல் கடைசியில் மசிந்தது.

குழம்பு நன்றாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. எவ்வளவு கழுவியும் தேன் போகவில்லை. காரத்துக்கு நடுவே ஓர் அசட்டு இனிப்பு. அமலாதான் முதலில் வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். மச்சான் சிரித்தார், அவர் மனைவி சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த முழு முகத்தைப் பார்த்தேன். கேப் போனால் போகட்டும்.

ஆகவே, ஸ்டாஃப் ரூம் டீச்சர்களே, ரகசியக் குரலில் பாராட்டிய கணவன்மார்களே, எல்லோருக்கும் அறிவிப்பது: எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே குழம்பு வைக்கப்படுவதற்கு முழுப் பொறுப்பு இதை எழுதுகிறவன். நாம் ஒன்றையே கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, வேறு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் மீது பழி போடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இதுவரை எழுதியதை அமலா சிவப்புப் பேனாவோடு படித்தாள். எதையும் அடிக்கவில்லை. அனுப்பலாம் என்றாள். அந்தத் தைரியத்தில், வருகிற ஞாயிற்றுக்கிழமை கோழியை எப்படி வைக்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணல. தேங்காப்பால் ஊத்தலாம். அன்னாசிப்பழம் போட்டு ஒண்ணு பாத்தேன், அதுவும் செய்யலாம்" என்றாள்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள்... எனக்கு அந்தப் பழைய குழம்பே போதும் போலிருக்கிறது.