நாமா, நாங்களா

எலுதேரியாவைப் பற்றி எழுதச் சொன்னால் அந்த மூன்று நாள் கூட்டத்தில்தான் நான் ஆரம்பிப்பேன். இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஜனவரி மாதம். காப்பிப் பழம் பழுத்து மண்ணில் உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்பது குடும்பமும் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், சபைக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் நான்தான் ஊர்ச் செயலாளர். மாட்டுக் கொம்பை ஊதிக் கூட்டத்தைக் கூட்டிய பாவி நானேதான்.

எங்கள் ஊர் சியாபாஸ் மலைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இது ஒரு பண்ணையாரின் மேய்ச்சல் நிலம். மலைச் சனங்கள் அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த மாதத்தில் முள்கம்பி வேலியை வெட்டி உள்ளே புகுந்தவர்கள்தான் இன்று இங்கே மக்காச்சோளம் போடுகிறவர்கள். வேலியை வெட்டிய காசிமிரோவைப் பண்ணைக் காவலன் சுட்டுவிட்டான். அவர் அண்ணன் லிபோரியோ அப்போது பின்னால் ஓடைக்கரையில் கோவேறு கழுதைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்வோம். சொல்லும்போது யாரும் கழுதைகளைப் பற்றிப் பேச மாட்டார்கள், பேசினால் லிபோரியோ அடிக்க வருவார்.

எலுதேரியா அந்தப் பண்ணைக் கங்காணியின் மகள். மாட்டு மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து எழுத்துக் கற்றவள். வேலியை வெட்டிய அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வயது. அப்பன் அவளை வேலியோரத்துச் சோளக் கிடங்கில் போட்டுப் பூட்டினான். இரண்டு நாள் கழித்துப் பண்ணையாரோடு நகரத்துக்கு ஓடியபோது அவளையும் லாரியில் ஏற்றினான். ஆற்றுத் துறையில் லாரி மெதுவானதும் அவள் குதித்து, ஒற்றைச் செருப்போடு எங்களிடம் திரும்பி வந்தாள். அன்று முதல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். அரசாங்கப் பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்தபோது, கரும்பலகைக்குக் கரி பூசியதும் அவள்தான். ஊர் முழுக்க அவளைத் தோழர் என்று கூப்பிடும். லிபோரியோவுக்கு மட்டும் அவள் இன்றும் கங்காணி மகள்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், வெளியிலிருந்து வந்த சில நல்லவர்களிடமிருந்து. எங்கள் கதையை ஸ்பானிய மொழியில் கேட்டு எழுதிக்கொண்டு போய், படம் போட்டு அச்சடித்து அனுப்பினார்கள். ஊரே தலையாட்டியது. ஸ்பானிய மொழியில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் சேர்த்து ஒரே சொல்தான், பாவம். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பிறகு அதைப் பள்ளிக்கூடப் பாடமாக இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உள்ள எங்கள் ஸெல்தால் மொழியில் எழுதுவது என்று முடிவாயிற்று. எலுதேரியா எழுத உட்கார்ந்தாள். முதல் வரி, வேலியை வெட்டினோம். யார் வெட்டினோம்? நாமா, நாங்களா?

"நாங்கன்னு எழுது," என்றார் லிபோரியோ. "நாமன்னு போட்டா அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தவனெல்லாம் வந்து ஒட்டிக்குவான்."

"பிள்ளைங்க படிக்கிற பாடம் ஐயா," என்றேன் நான்.

"பிள்ளைங்க அன்னிக்குப் பொறக்கவே இல்லையே."

உடனே மருந்துக் கொட்டகை ஃப்ளோரிந்தா எழுந்தாள். "என் மூத்தவன் அன்னிக்கு என் வயித்துல இருந்தான். அவன் எதுல சேர்த்தி?"

வயிற்றில் இருந்த பிள்ளை வேலியை வெட்டினதாகுமா ஆகாதா என்று அரை நாள் போயிற்று. சோளக்கஞ்சி இரண்டு பானை காலி. எங்கள் வழக்கம் அப்படி, ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனுக்குக் காப்பித் தோட்டம் இருந்திருக்காது.

இரண்டாம் நாள் லிபோரியோ மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார். "என் தம்பி கதையைக் கங்காணி மக எழுதுறதே எனக்குப் பிடிக்கலே. அதுல தன்னையும் சேர்த்து எழுதிக்குவா, அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

செத்தது அவர் தம்பி. ஊர் களைத்துப் போய், சரி, நாங்கள் என்றே இருக்கட்டும் என்றது. எலுதேரியா ஒரு வார்த்தை பேசாமல் குறித்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல்கூட எரிச்சல் வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன் பேசாம இருந்தே?"

"நான் பேசினா எனக்காகப் பேசுறேன்னு ஆயிடும், தோழர்," என்றாள். "என் பொண்ணு அடுத்த வருஷம் இந்தப் பாடம் படிப்பா. உங்கம்மா இதுல இல்லைடின்னு முதல் வரியிலேயே நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

வீட்டுக்குப் போய் மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

எழுதியதைச் சபையில் உரக்கப் படித்துக் காட்டினால்தான் அது செல்லும். மூன்றாம் நாள் எலுதேரியா எழுந்து தாளைப் பிரித்தாள். நேர் எதிரே லிபோரியோ உட்கார்ந்திருந்தார்.

"நாங்கள் முள்கம்பியை வெட்டினோம். நாங்கள் உள்ளே போனோம்."

"நிறுத்து," என்று எழுந்தார் லிபோரியோ. "நீ எங்கேடி உள்ளே போனே? நீதான் ஏற்கெனவே உள்ளே இருந்தியே."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க சொன்ன சொல்லைத்தான் எழுதினேன் ஐயா. யார் படிக்கிறாங்களோ அவங்க நாங்க ஆயிடுறாங்க. கேட்கிறவங்க வெளியே போயிடுறாங்க. இப்ப நான் படிச்சேன், நீங்க கேட்டீங்க."

கொட்டகையே கணக்குப் போட்டுப் பார்த்தது. நாளைக்கு எந்தப் பொடிசு படித்தாலும் வேலியை வெட்டியது அந்தப் பொடிசு. கேட்டுக்கொண்டு நிற்கும் கிழவர்கள் எல்லாம் சும்மா வந்தவர்கள். இரண்டு நாளாக நாற்பது குடும்பத்துக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்ப காசிமிரோ?" என்றார் லிபோரியோ. குரல் இறங்கியிருந்தது. "அவன் எதுல வருவான்?"

"நாங்கன்னு சொல்றதுக்கு அவரே எழுந்து வரணும் ஐயா. நாமன்னா, நாம சொன்னாலே அவர் வந்துடுவார்."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"நீ அந்தக் கிடங்குலதானே இருந்தே. வேலியை ஒட்டி."

"ஆமா ஐயா."

"என்ன கேட்டுச்சு உனக்கு?"

"கம்பி அறுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் துப்பாக்கி. அப்புறம் அவர் உங்களைக் கூப்பிட்டார்."

"என்னையா?"

"அண்ணே, லிபோரியோண்ணேன்னு. ரெண்டு தரம்."

காசிமிரோவுக்கு அருகில் அன்று இருந்தவர்களில் நானும் ஒருவன். சூடு கேட்டதும் நாங்கள் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டோம். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதையும் நாங்கள் கதையில் சொல்வதில்லை.

"பன்னிரண்டு வருஷம்," என்றார் லிபோரியோ. "ஏன் எங்கிட்டச் சொல்லலே?"

"யாரு ஐயா கேட்டா? உங்க கதைப்படி நான்தான் அன்னிக்கு அங்கே இல்லையே."

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாமன்னு போடு," என்றார். "அவன் என்னைக் கூப்பிட்டதையும் போடு. அதைக் கேட்டது நீதான்னும் போடு."

எலுதேரியா குனிந்து எழுதினாள். நான் கூட்டம் முடிந்தது என்று சொல்ல மறந்துபோனேன். அன்றைக்கும் யாரும் காப்பி பறிக்கப் போகவில்லை.