மீதியை வந்து கேளு

சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் அந்த மெமரி கார்டை ஒரு காலித் தைல டப்பாவில் பஞ்சு வைத்துப் பாதுகாத்து வருகிறேன். எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு மாட்ட வேலூரிலிருந்து வந்த இன்ஜினியர், மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றிப்போய், மேசைமேல் இருந்த டப்பாவைத் தைலம் என்று நினைத்துத் திறந்துவிட்டார். "இன்னா மேடம், தைலத்தக் காணோம், கார்டுதான் இருக்குது?" என்றார். "அதுவும் ஒரு தலைவலிக்கு மருந்துதான் சார்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போர்டை மாட்டப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல அன்று நேரமில்லை. சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

அந்தக் கார்டில் இருப்பது எங்கள் சயின்ஸ் சாரின் குரல். வாணியம்பாடிக்காரர். வீட்டில் தலைமுறையாகத் தோல் வியாபாரம். இவர் ஒருத்தர்தான் படிப்பு, வேலை என்று ஜவ்வாது மலை ஏறி வந்தவர். மலைக்குப் போஸ்டிங் வாங்கி வருகிறவர்கள் வந்த அன்றே டிரான்ஸ்ஃபருக்கு மனு எழுதுவது வழக்கம். இவர் பிரியாணிக்கு மட்டும் மாதம் ஒருமுறை கீழே இறங்குவார், மற்றபடி எங்களோடுதான் கிடந்தார். நான் போளூர்ப் பக்கம். தமிழாசிரியை. பிள்ளைகளிலிருந்து தலைமையாசிரியர் வரைக்கும் எல்லோருக்கும் நான் தமிழம்மா, அவருக்கும் அப்படியே.

சாரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்ட பழக்கம் என்று சொன்னது தலைமையாசிரியர். பாடத்தில் நெஞ்சு படபடக்கும் இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவார். மணி அடித்ததா, அவ்வளவுதான், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்கூட அந்தரத்தில் நிற்கும். "மீதி நாளைக்கு. வந்து கேளு" என்று சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். உள்ளே பிள்ளைகள் ஐயோ சார், ஐயோ சார் என்று கத்துவது என் வகுப்பு வரைக்கும் கேட்கும். "ஏன் சார் பசங்கள இப்படி வதைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "தமிழம்மா, வூட்ல சாமை அறுப்பு இருக்கும், புளி உலுக்குற வேலை இருக்கும், ஆடு மேய்க்க ஆளு இருக்காது. அதையெல்லாம் வுட்டுட்டு ஸ்கூலுக்கு வான்னு கூப்பிட என்கிட்ட இன்னா இருக்குது? இந்த மீதி ஒண்ணுதான்மா இருக்குது" என்றார்.

கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். பாடமெல்லாம் செல்போனில் வரும் என்றார்கள், டிவியில் வரும் என்றார்கள். கீழே வந்திருக்கும். எங்கள் மலையில் டவர் கிடைத்த இடத்தில் போன் இல்லை, போன் இருந்த வீட்டில் டவர் இல்லை, இரண்டும் இருந்த வீட்டில் இருந்தது பட்டன் போன். பாடம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைத் தின்ற கவலை வேறு. இந்தப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா? பையன்கள் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். பெண் பிள்ளைகளை அப்பா அம்மா தங்களோடு குடகுக் காபித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து கழுத்தில் தாலியோடு திரும்பிய பிள்ளைகளை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் சார் ஜமுனாமரத்தூருக்குச் சாமான் வாங்கப் போனார். அங்கே செல்கடையில் கூட்டமான கூட்டம். எல்லோரும் கையில் மெமரி கார்டு வைத்துக்கொண்டு பாட்டு ஏற்ற நிற்கிறார்கள். எங்கள் மலையில் யாரும் பாட்டு இல்லாமல் தோட்டத்து வேலைக்குக் கிளம்ப மாட்டார்கள். அரிசி மூட்டை கட்டுவதுபோல் அதுவும் ஒரு மூட்டை. சார் வாங்கிய சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு மூச்சு வாங்க என்னிடம் வந்தார். "தமிழம்மா, பாட்டு குடகு வரைக்கும் போவுதே, அதோட பாடமும் போனா இன்னா?"

செல்கடைக்காரர் நல்ல மனுஷன். அவருடைய தங்கையும் எங்களிடம் படித்தவள்தான். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு பாடம் என்று ஏற்றிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். சார் ராத்திரி பகலாக உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துத் தன் போனில் பேசிப் பதிவு செய்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த சந்தைக்கே கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். "சார், சனங்க திட்டுறாங்க. அந்தாளு பேசறத எடுத்துட்டு இன்னொரு பாட்டு போடுன்றாங்க."

சார் முகம் தொங்கிப்போய் வந்து போனை என்னிடம் நீட்டினார். கேட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரு சார் இது?"

"அரே, நான்தான்மா."

"பொய். உங்களுக்கு இவ்ளோ மரியாதையாப் பேசத் தெரியாது."

நிஜமாகவே செய்தி வாசிக்கிறவர்போலப் பேசியிருந்தார். 'மாணவச் செல்வங்களே' என்று ஆரம்பம் வேறு! வகுப்பில் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அங்கே திட்டுவார், கிண்டலடிப்பார், பாடத்தைப் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோல் சொல்வார். மைக் என்று ஒன்று வந்ததும் மனுஷன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுவிட்டார். "நீங்க தனியாப் பேசாதீங்க. நான் எதிர்ல உக்காந்து கேள்வி கேக்கறேன். எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

அப்படித்தான் நாங்கள் இருவரும் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து பதிவு செய்தோம். கட்டுரை நோட்டில் 'இன்னா' என்று எழுதிய பிள்ளைகளைச் சிவப்பு மையால் திருத்தியே காலம் தள்ளிய நான், "அப்புறம் இன்னா ஆச்சு சார்?" என்று மைக் முன்னால் கேட்டேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. எழுதும்போது எழுத்துத் தமிழ் வேண்டும், அதில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மிளகுக் கொடிக்குக் கீழே கூடையோடு நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டுமென்றால், அவள் வீட்டில் பேசுகிறபடி கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

இதயப் பாடம் பதிவு செய்த அன்று, ரத்தம் நுரையீரலுக்குப் போகிற முக்கியமான இடத்தில், எங்கள் சமையலக்கா உள்ளேயிருந்து, "சார், டீ ஆறிப்போவுது!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அது அப்படியே பதிவாகிவிட்டது. அதை வெட்டி எடுக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. "கெடக்கட்டும் வுடும்மா" என்றார் சார். பாடத்தைத் தன் வழக்கப்படியே முடித்தார்: "நுரையீரலுக்குப் போன ரத்தம் காத்த வாங்கிக்குது. நேரா ஒடம்புக்குப் போவ வேண்டியதுதான? போவாது. மறுபடியும் இதயத்துக்கே திரும்பி வருது. ஏன் வருது? மீதி ஸ்கூல் தொறந்ததும். வந்து கேளு."

"ஸ்கூலு எப்பத் தொறக்கும்னு கலெக்டருக்கே தெரியாது சார்" என்றேன் நான்.

"அதுக்குத்தான்மா சொல்றேன்" என்றார்.

இந்தத் தடவை கடையில் யாரும் திட்டவில்லை. அந்தக் கார்டு போட்டுக்கொண்டு போனவர்களில் நெல்லிவாசல் பக்கத்து அப்பா ஒருவரும் இருந்தார். அவருடைய மகள் எங்கள் ஒன்பதாம் வகுப்பின் முதல் பெஞ்சுக்காரி. சாரின் 'மீதி'க்கு எல்லோரையும்விடச் சத்தமாக ஐயோ போடுகிறவள். ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "போய்ட்டு வர்றேன் சார், வர்றேன் தமிழம்மா" என்றாள். ஜீப் வளைவு திரும்பும்வரை சார் கையைத் தூக்கியபடியே நின்றார். அவளுக்கு முறைமாமன் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று எங்களுக்கு முன்பே தெரியும்.

ஒருவழியாகப் பள்ளி திறந்தார்கள். பாதி பெஞ்சு காலி. முதல் பெஞ்சில் அவள் இடமும் காலி. சார் பாடம் நடத்தினாலும் கண் மட்டும் வாசலுக்குப் போய்ப்போய் வந்தது. அந்த வாரம் பூராவும் அவர் சாப்பாட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு அழுகையே வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள், பாடம் நடக்கும்போதே ஒரு ஷேர் ஜீப் பள்ளிக்கு முன்னால் நின்றது. அப்பாவும் மகளும் இறங்கினார்கள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, தோட்டத்து மண்ணோடு, தலையில் மூட்டையோடு நேராகச் சாரின் வகுப்பு வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து நானும் எழுந்து வந்தேன்.

"சார், ஒரே பேஜாராப் போச்சுங்க" என்றார் அப்பா. "பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு. ஆனா இந்த ரத்தம் வெவகாரம் இருக்குதே, நாங்க தங்குற தோட்டத்து லைன் வூட்ல தெனமும் சண்டைங்க. எங்க மேஸ்திரி சொல்றாரு, அது கணக்கு ஒப்பிக்கத் திரும்பி வருதாம். எம் பொண்டாட்டி சொல்லுது, வூட்ல சொல்லிட்டுப் போவ வருதாம். இந்தப் பொண்ணு ரெண்டும் இல்லன்னுது. மச்சான் வூட்ல தாம்பூலம் மாத்தணும்னு நிக்கிறாங்க. மொதல்ல மீதியக் கேட்டுட்டு வரட்டும், அப்புறம் பாக்கலாம்னுட்டு இட்டாந்துட்டேன். ஏன் சார் திரும்பி வருது?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுவரைக்கும் சொன்னத நீ சொல்லும்மா, மத்தவங்களுக்கும் தெரியட்டும்" என்றார் அவளிடம். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தாள்: "கெட்ட ரத்தம் இதயத்தோட வலது பக்கம் வருது, அங்கிருந்து நுரையீரலுக்குப் போவுது, சார் டீ ஆறிப்போவுது, அங்க காத்த வாங்கிக்குது…"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதுவும் பாடத்தோடு சேர்ந்துபோயிருந்தது. சமையலக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "நான் சொன்னதும் பரிச்சைக்கு வருமா சார்?" என்று கேட்டார். சார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் மீதியைச் சொன்னார். நுரையீரலில் மயிரிழை மாதிரிக் குழாய்களில் நுழைந்து வெளியே வருவதற்குள் ரத்தத்துக்கு வேகம் போய்விடும். காற்று கிடைத்தாலும் ஓடத் தெம்பிருக்காது. அதனால்தான் இதயத்துக்குத் திரும்பி வருகிறது, இன்னொரு தள்ளு வாங்கிக்கொண்டு போக. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, "அட, அதானா!" என்றார். நான் அவள் மூட்டையைப் பார்த்தேன். மீதியைத்தான் கேட்டாகிவிட்டதே, கையோடு கூட்டிப்போய்விடுவாரோ?

மணி அடித்தது. சார் சாக்பீஸைப் பாக்கெட்டில் போட்டார். "அந்தத் தள்ளுல ரத்தம் காலு கட்டைவிரலு வரைக்கும் எறங்கிடுது. எறங்குனது மேல எப்பிடி ஏறும்? அங்க தள்ளிவிட இதயம் இல்லியே? மீதி நாளைக்கு. வந்து கேளு."

"அய்யய்யோ, வுட மாட்டீங்களா சார்!" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளி ஹாஸ்டல் வராந்தாவில் அவரே வைத்தார். அந்த முறைமாமனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். நான் வேலை பார்த்த இத்தனை காலத்தில் இதைவிடப் பெருமையான நாள் எனக்கு இல்லை. எந்த மேடையில் ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன்.

சார் பதவி உயர்வில் கீழே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போய்விட்டார். அவள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். எங்களுக்குச் சயின்ஸுக்கு இன்னும் ஆள் வரவில்லை, அதனால் நான்தான் ஒப்பேற்றுகிறேன். ஸ்மார்ட் போர்டில் முதன்முதலாக இதய வீடியோ போட்டபோது எனக்கே வாய் பிளந்துவிட்டது. சுவர் பூராவும் சிவப்பாக ஒரு இதயம் துடிக்கிறது. எங்கள் காலத்தில் இது கிடைக்கவில்லையே என்றிருந்தது. ஆனால் அது எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிட்டு, யாரும் ஒரு கேள்வி கேட்பதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள்.

மறுநாள் தைல டப்பாவைத் திறந்தேன். கார்டை ஒரு ரீடரில் செருகி, அதே பெரிய போர்டில் போட்டேன். சுவரிலிருந்து சாரின் குரல் வந்தது. நான் கேள்வி கேட்டேன். சமையலக்காவின் டீ ஆறிப்போனது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். 'மீதி ஸ்கூல் தொறந்ததும். வந்து கேளு' என்று குரல் நின்றதும் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. "தமிழம்மா, மீதி?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் தமிழம்மா. மீதி சொல்ற ஆளு நாளைக்கு வருது" என்று சொல்லிவிட்டுக் கார்டைப் பஞ்சில் வைத்து மூடினேன். முந்தின நாளே வேலூருக்குப் போன் போட்டிருந்தேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு நான் வெளியே வரும்போது, பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் யாரையோ சூழ்ந்துகொண்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அவளுடைய அப்பா. லீவுக்கு வரும் மகளை அழைத்துப்போக வந்து நிற்கிறார். சாரின் மீதியைக் கேட்கக் குடகிலிருந்து வந்தவர் இவர்தான் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். "ரத்தம் ஏன் திரும்பி வருது, சொல்லு சித்தப்பா, சொல்லு சித்தப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

அவர் மீசையை நீவிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்க, எம் பொண்ணு சொல்லும்."