சாக்குக் கட்டிலில் வந்தவள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில். எழுபத்தெட்டாம் ஆண்டு சூறாவளி அடித்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம் கழிந்த பிறகு.

ஜவுபருக்கு அப்போது பதினாறு வயது. கல்முனையில் முதலுதவி பழகும் பையன்களின் கடேற் குழு ஒன்றில் இருந்தான். காக்கிக் காற்சட்டை, தோளில் துணிப்பை, அதற்குள் பஞ்சும் பன்டேஜும். அதுவரை அவர்கள் கட்டுப் போட்டதெல்லாம் கூட்டாளிமாரின் முறியாத கைகளுக்குத்தான். அன்றைக்குப் பார்த்தது நிஜக் காயங்கள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவனுக்கு மனசு மரத்துப்போயிருந்தது. அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை.

நிந்தவூர்க் கடற்கரையில், சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே ஒரு பெண் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. உதட்டில் மணல். ஜவுபர் அவளுடைய மணிக்கட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். துடித்தது.

"நாடி ஓடுது. தூக்கு," என்றான்.

கூட வந்தவன் நேசராசா, அதே குழுக்காரன். இரண்டு கம்பில் சாக்கைக் கோத்த கட்டிலில் அவளைக் கிடத்தினார்கள். கால்மாட்டில் ஜவுபர் முன்னால் நடந்தான். தலைமாட்டில் நேசராசா. முன்னால் போகிறவன் பாதையை மட்டும்தான் பார்க்க வேண்டும், திரும்பக் கூடாது. ஆனால் நோயாளி மயங்கிவிடாமல் கதை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அப்படித்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

"உங்கட பேரென்ன?"

"சரீபா."

தெளிவான குரல். களைப்பே இல்லை.

"எங்க நோகுது?"

"நோகல்ல மகன். புள்ள தோணிக்குக் கீழ கிடக்கா."

"ஆரு?"

"என்ட மகள் ஸாலிஹா. பச்சைத் தோணி... கவிழ்ந்து கிடக்கு. மூச்சு முட்டுது அவளுக்கு."

"ஓம்... ஓம்... உங்கள விட்டுட்டு உடனே போறன்."

நேசராசா ஒரு மட்டையில் தடுக்கினான். கட்டில் ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது. அவளுடைய குரல் அசையவே இல்லை.

"கெதியாப் போ மகன்..."

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

அவளுடைய தலை பின்னால், நேசராசாவிடம்.

குரல்... அவனுடைய பிடரிக்குப் பக்கத்தில்.

திரும்பவில்லை. நடந்தான்.

காயப்பட்டவர்களைச் சேர்த்திருந்த பள்ளிக்கூட மண்டபத்தில், வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அப்போதிக்கரி ஞானரட்ணம் அவளுடைய இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது ராவே முடிஞ்ச உயிர். விறைச்சுக் கிடக்கு. என்னத்துக்குத் தூக்கினீங்க?"

"நாடி பார்த்தன் சேர்."

"எந்த விரலால?"

ஜவுபர் பெருவிரலைக் காட்டினான்.

"பெருவிரல்ல துடிக்கிறது உன்ட நாடி."

நேசராசா அவனையே முழித்துப் பார்த்தான். "அவட முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே வந்தன். வாயே திறக்கல்லடா. நீதான் கேட்டாய். நீதான் ஓம் ஓம் எண்டாய்."

ஜவுபருக்குப் பயம்கூட வரவில்லை. கையும் காலும் யாருடையவோ போல இருந்தன. "சேர், தோணிக்குக் கீழ புள்ள ஒண்டு கிடக்கு," என்றான்.

"பொடியனுக்கு மூளை கலங்கிட்டு. இருத்தித் தண்ணி குடுங்க."

அவன் இருக்கவில்லை. ஓடினான். ஏசிக்கொண்டே நேசராசாவும் பின்னால் ஓடினான்.

கரை முழுக்கத் தோணிகள் கவிழ்ந்து கிடந்தன. பச்சை ஒன்றே ஒன்றுதான். விளிம்புவரை மணல் மூடியிருந்தது.

ஜவுபர் பலகையில் காதை வைத்தான்.

ஒன்றுமில்லை.

பிறகு... டொக்.

நகம் கிழியக் கிழியத் தோண்டினார்கள். முதலில் ஒரு சின்னக் கை வந்தது. சூடாக இருந்தது. அந்தக் கை ஜவுபரின் விரலைப் பிடித்துக்கொண்டது.

மண்டபத்தில் பிள்ளையைக் கண்டதும் பாத்தும்மா என்ற பெண் ஓடிவந்து வாரியெடுத்தாள். பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரி. தோணிக்குக் கீழிருந்து தோண்டியெடுத்ததை நேசராசா சொன்னான்.

"யா அல்லாஹ்! சரீபாட மகள்! தோணிக்குக் கீழ கிடந்தத ஆரு மனே சொன்னது?"

ஜவுபர் மூலையில் துணியால் மூடிக் கிடந்தவளைக் காட்டினான். "அவதான் சொன்னா. வழி நெடுகக் கதைச்சுக்கொண்டு வந்தா."

பாத்தும்மா போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"சரீபாதான்," என்றாள். "ஆனா மனே... அவ பிறவி ஊமை. அவட குரல் எப்பிடியெண்டு இந்த ஊரில ஒருத்தருக்கும் தெரியா."