எனக்கும் ஒரு கல்யாணக் கார்ட்

கல்யாணக் கார்ட் அடிக்க மகளோடு ஹட்டனுக்குப் போனேன். மகள் என்றுதான் எனக்கு வாயில் வரும். பெற்றவள் என் தங்கச்சி. அவளும் அவள் புருஷனும் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது பிள்ளை நடை பழகிக்கொண்டிருந்தாள். காலையில் அவளைத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுவேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை, "இந்தப் புள்ளைய யாரு பாப்பா?" என்று திருப்பி அனுப்பினேன். காய்ச்சல் கண்டால் மட்டும் அவள் என்னை அம்மா என்பாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

அச்சுக்கடைக்காரர், "பொண்ணோட அம்மா அப்பா பேரு சொல்லுங்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு தங்கச்சி பெயரையும் அவள் புருஷன் பெயரையும் சொல்லிவிட்டேன். அதுதானே முறை? ஆனாலும், "பெரியம்மா பேரும் வரணும்" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று காத்து நின்றேன், வெட்கங்கெட்டவள். அவள் கார்டுக்கு நிறம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். திரும்பும்போது மஸ்கெலியா வரும்வரை பஸ் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "தலவலியா பெரியம்மா?" என்று கேட்டுவிட்டு என் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

கல்யாணத்துக்குத் தங்கச்சி வந்து இறங்கினாள். எந்த லயத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்? மகள் உறைகளில் வீட்டுக்கு வீடு பெயர் எழுதிக் கொடுத்தாள். நான் முன்னால் நடந்து வீடு காட்டினேன். தங்கச்சி வெற்றிலைத் தட்டை நீட்டி அழைத்தாள்.

எல்லாம் முடித்து வந்து தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன். அதே தட்டோடு தங்கச்சி என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ஒனக்கும் முறையா குடுக்கணும்ல. கட்டாயம் வந்துரு."

"அடியே, என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னையே கல்யாணத்துக்குக் கூப்புடுறியா?" என்று சத்தம் போட்டேன். பாவம், அழுதுவிட்டாள். அக்காவுக்கு மரியாதை செய்ய வந்தவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கையை நீட்டிக் கார்டை வாங்கிக்கொண்டேன்.

உறையில் மகளின் எழுத்து. என் பெயரைப் போட்டு, எல்லா வீட்டுக்கும் எழுதியதுபோலவே பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்று எழுதியிருந்தாள். யாரைக் கூட்டிக்கொண்டு போவேன் நான்? எனக்கென்று இருந்த குடும்பம் அவள் ஒருத்திதானே.