முதல் பெயரும் ஒரு தோளும்

பூப்பந்து ஆடுகிறவனுக்கு ஆடுகிற கை ஒன்றுதான். அதற்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் மட்டும் ஊருக்கு நாலு பேர். எழுபதுகளில் வில்லியனூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் ஆட்டத்துக்கு முட்டியையோ முதுகையோ காவு கொடுத்துவிட்டு இன்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, நீங்களாவது சிரிக்கமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

செயலாளரின் நோட்டு

எங்கள் பூப்பந்துச் சங்கத்துச் செயலாளரிடம் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் எங்களை வரிசைப்படுத்தியது அவருடைய நாற்பது பக்க நோட்டு. எந்த ஊர்ப் போட்டியானாலும் ஆடினால் ஒரு மார்க்கு, ஜெயித்தால் இரண்டு. வருஷக் கடைசியில் முதல் பெயராக நிற்பவன்தான் தேசியப் போட்டிக்குப் போகும் அணியின் கேப்டன். அதற்கு எனக்கும் பாகூர் தணிகாசலத்துக்கும் போட்டி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோறு தண்ணியை விட எனக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தோள் வலிக்க ஆரம்பித்தது. மூன்று வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்தார். அடிபட்டவனுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று செயலாளரிடம் கேட்டேன். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"ரெஸ்ட்டுக்கு இன்னாபா மார்க்கு? சும்மா படுத்துக் கெடக்கிறவனுக்கெல்லாம் மார்க்கு போட்டா, எங்க மாமனாருதான் கேப்டன்."

மில்லின் கரிசனம்

மார்க்கு போனால் போகட்டும் என்று சீட்டை எடுத்துக்கொண்டு மில் மேனேஜரிடம் போனேன். என்னை வேலைக்கு எடுத்ததே ஆட்டத்துக்காகத்தான். போட்டி நாட்களில் சம்பளத்தோடு லீவு. மற்ற நாட்களில் நூல் மூட்டைகளை லாரியில் ஏற்ற வேண்டும். ஆகவே தோளுக்கு ஓய்வு கொடுத்தால் அதே தோளில் மூட்டை ஏறும். இதை நிதானமாக விளக்கினேன்.

மேனேஜர் பட்டம் வாங்கியவர். சீட்டை இரண்டு தரம் படித்தார், மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"டாக்டரு தலைக்கு மேல தூக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்காரு? மூட்டைய இடுப்பு வரைக்கும் தூக்குப்பா, போதும்."

பதினைந்து நாள் கட்டு

மூட்டையை விடப் பந்து லேசு என்று மறுபடி ஆடப் போனேன். நாலே ஆட்டத்தில் கை தொங்கிவிட்டது. மதகடிப்பட்டில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் பூசி, துணி சுற்றி, பதினைந்து நாள் அசைக்கவே கூடாது என்று மிரட்டி அனுப்பினார். என் மனைவி சோறு பிசைந்து கொடுத்தாள். மூன்று நாள் மனிதனாக வாழ்ந்தேன்.

நாலாம் நாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி. அதே கட்டுக்காரர், கையில் கத்தரிக்கோல். அவருக்குச் சொந்த ஊர் கரியமாணிக்கமாம்; அன்று அங்கே போட்டியாம். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஓர் அணி வெளியூர் ஆள் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம். 'கெஸ்ட்' என்பார்கள். அன்றைக்கு அவர் ஊருக்குக் கெஸ்ட் நான். "வேணாங்க" என்று மனைவி கெஞ்சினாள். ஆனால் நோட்டில் தணிகாசலம் எனக்கு ஒரு மார்க்கு முன்னால் இருந்தான். அந்தக் கட்டுக்காரரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது, தோளை நீட்டியவன் நான். பதினைந்து நாள் என்றீர்களே என்று பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். துணியை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"கட்டுனவன் நானு, அவுக்குறேன். ஜெயிச்சிட்டு வா, புதுசா கட்டிவுடுறேன். உனுக்கு இன்னா போச்சி?"

வரிசை வந்த நாள்

ஜெயித்தோம். இரண்டு மார்க்கு எனக்கு. தணிகாசலம் கணுக்கால் சுளுக்கு என்று அந்த மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்தான். அவனைத் தொடைநடுங்கி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வருஷக் கடைசி வரிசையில் ஒரே ஒரு மார்க்கில் என் பெயர் மேலே வந்தது. மனைவியிடம் ஓடிவந்து சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள்.

தேசியப் போட்டியின் முதல் நாள், கேப்டன் பட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள என் கை எழும்பவில்லை. குத்திவிட்டவன் தணிகாசலம். ஆட்டத்துக்கு முன் பழகிக்கொள்ள ஒரு பந்தை உயரமாகப் போட்டார்கள். என் மட்டை மார்போடு நின்றுவிட்டது. பந்து தலைக்கு மேலே போய் விழுந்தது. செயலாளர் வந்து என் மட்டையை வாங்கித் தணிகாசலத்திடம் கொடுத்தார். பிறகு ஓரத்திலிருந்த பெஞ்சைக் காட்டினார்.

"ஒக்காரு கேப்டன். உன் முதல் பேர எவனும் எடுத்துக்க மாட்டான். நல்லா ரெஸ்ட் எடு."

ஊர் ஊராகக் கெஞ்சியும் கிடைக்காத மூன்று வார ஓய்வை, முதல் பெயர் வந்ததும் ஆயுளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.