எர்சிலியா கேட்காத சொல்

எர்சிலியாவின் கதையை நான் முதலில் கேட்டது புகையிலை கோக்கும் கொட்டகையில். என் அம்மாவின் பெரியப்பா பேத்தி அவள், எனக்கு அக்கா முறை. தகப்பனைப் புதைத்த மறுவாரம் கறுப்பு உடுப்போடு பள்ளிக்கூடம் போனவளை லத்தீன் வாத்தியார் கடால்டோ கரும்பலகைக்குக் கூப்பிட்டாராம். 'மோரியென்ஸ்' என்ற சொல் எந்த வினையிலிருந்து பிறந்தது, வேற்றுமைதோறும் எப்படி மாறும் என்று கேட்டாராம். செத்துக்கொண்டிருக்கிறவன் என்று அதற்கு அர்த்தம். மோரியென்ஸ், மோரியென்டிஸ், மோரியென்டி வரைக்கும் வந்தாள். அதோடு நின்றுவிட்டாள்.

"என்னம்மா, உங்கப்பன் மாதிரியே பாதியில போயிட்ட?" என்றார். வகுப்பே சிரித்தது.

ஜூன் பரீட்சையில் அவளை லத்தீனில் தேறவிடாமல் நிறுத்தி, செப்டம்பரில் மறுபரீட்சைக்கு வரச் சொன்னார். செப்டம்பரில் வீட்டில் அவளை விடவில்லை, புகையிலை அறுவடை; படிப்பு அதோடு நின்றது. எங்களோடு உட்கார்ந்து இலை கோத்தாள். இலையில் ஊசி குத்தும்போதெல்லாம் உதடு அசையும். ஜெபம் என்று நினைத்தோம்.

பிறகு பொடென்சா பட்டணத்தில் கன்னியாஸ்திரியாக இருந்த அத்தை கூட்டிப்போய்ப் படிக்க வைத்தாள். வெகுகாலம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கே லத்தீன் டீச்சராக வந்து இறங்கினாள். ஓய்வு பெற்றிருந்த கடால்டோவின் ஒரே மகன் எஜிடியோ அவளிடம்தான் படித்தான். ஜூனில் அவனை நிறுத்தினாள். செப்டம்பரிலும் தேறாவிட்டால் பையனுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

கடால்டோ பாலாடைக்கட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தார். உள்ளே விடவில்லை.

"பழசை மனசுல வெச்சுக்காதம்மா."

"எந்தப் பழசு வாத்தியாரே?"

அவர் திரும்பிப் போனார். அந்தக் கோடை முழுக்க அவர் ஜன்னலிலிருந்து மோரியென்ஸ், மோரியென்டிஸ்தான். தகப்பன் கேட்க மகன் ஒப்பித்தான். தெருப் பெண்களுக்கே பாடமாகிவிட்டது.

செப்டம்பர் பரீட்சையில் அவள் அந்தச் சொல் பக்கமே போகவில்லை. லத்தீனில் ஒரு போர்க்கதையைக் கொடுத்து அர்த்தம் சொல்லச் சொன்னாள். பையன் முழித்தான். தாழ்வாரத்தில் நின்ற கடால்டோ கதவுக்கே வந்துவிட்டார்.

"அந்தச் சொல்லைக் கேளும்மா. அவனுக்குத் தெரியும்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, அது போதும்" என்று சொல்லிப் பையனைத் தேறவிடாமல் அனுப்பினாள்.

பையன் என்ன பாவம் செய்தான் என்று நான் கேட்டேன். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றாள்.

இப்போது அவள், சவப்பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்து மூடும் ஊர்க் கல்லறைச் சுவரில், கடால்டோவுக்கு நேர் மேலே உள்ள மாடத்தில் இருக்கிறாள். அந்த இடத்தை உயிரோடிருக்கும்போதே கேட்டு வாங்கிவிட்டாள்.