ஐந்து ஷார்ப், இரண்டு ஃப்ளாட்

லெயோகாடியா வ்னுக். பிறப்பு: 1951, லிப்கோவா நகரம். லிப்கோவா வட்டார சிம்பொனி இசைக்குழு தொடங்கிய ஆண்டு: 1953. குழுவின் இசைத்தாள் நூலகத்தில் அவர் பணியில் சேர்ந்தது 3 செப்டம்பர் 1974. ஓய்வு பெற்றது 30 ஜூன் 2011. 1997 ஜூலை தொடக்கத்தில் நூலகத்தில் 1,140 படைப்புகளுக்கான தாள்கள் இருந்தன. அதே மாதம் ஆற்று வெள்ளம் நிலவறைக்குள் புகுந்து வடிந்த பிறகு எஞ்சியவை 212.

இசைத்தாள் நூலகரின் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் வருவதில்லை. ஆனால் அவர் தாளை வைக்காமல் ஒரு வில்லும் அசையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் குழு பழைய பேருந்தில் கிராமம் கிராமமாகப் போனபோதெல்லாம், தாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் லெயோகாடியா. குழுவில் அனைவருக்கும் அவர் ‘பானி லோஜா’. மரியாதையும் செல்லமும் சேர்ந்த அழைப்பு அது.

வெள்ளத்துக்குப் பிந்தைய முதல் கச்சேரி செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு. வெள்ளத்தில் மாண்டவர்களின் நினைவாக ஒரு பழைய இத்தாலியப் பாடலைப் பாட, பாடகி எவுலாலியா த்ரோஸ்த் ஒப்புக்கொண்டிருந்தார். அன்றிரவு ரயிலிலேயே அவர் திரும்பியாக வேண்டும். வேறு நாள் கிடையாது. பாடலுக்குத் தந்தி வாத்தியங்கள் மட்டும் போதும். ஆனால் தாள்கள் வெள்ளத்தோடு போயிருந்தன. செய்தித்தாளில் வெள்ளச் செய்தியைப் படித்துவிட்டுத் தாமாகவே உதவ முன்வந்த ஓர் ஆங்கில இசைக்குழுவுக்கு லெயோகாடியா கடிதம் எழுதினார்: “பி சுருதியில் உள்ள தாள்களை அனுப்புங்கள்.” வியாழன் மாலை பொட்டலம் வந்தது. அட்டையில் ‘பி’ என்று அச்சிட்டிருந்தது. லெயோகாடியா அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாள்களை வாத்தியத்துக்கு வாத்தியம் பிரித்து அடுக்கினார்.

வெள்ளி காலை பத்து மணி ஒத்திகையில் வயலின்கள் முதல் வரியை இழுத்ததுமே பாடகி கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க மாயெஸ்த்ரோ! அரை சுரம் மேல நிக்குது. இந்த வயசுல அங்க ஏற எனக்கு ஏணிதான் வேணும்.”

நடத்துநர் கொர்னேல் சோபோட்கா தாளில் வரித் தொடக்கத்திலிருந்த சுருதிக் குறிகளைக் குனிந்து பார்த்தார். “அஞ்சு ஷார்ப் போட்டிருக்கு. பானி லோஜா, இது ஹெச் ஆச்சே! நமக்கு வேண்டியது பி இல்லையா?”

“பி-ன்னுதான் எழுதினேன். அட்டையிலயும் பி-ன்னுதானே இருக்கு!”

கடைசி வரிசையில் டபுள் பாஸ் வாத்தியத்தின் மீது சாய்ந்து நின்ற இக்னாத்ஸி பைரெக் தொண்டையைச் செருமினார். “நாம ஹெச்சுன்னு சொல்ற சுரத்தைத்தான் அவங்க பி-ன்னு சொல்லுவாங்க. நம்ம பி அதுக்கு அரை சுரம் கீழ. பேசும்போதே ஹெச்சை முழுங்குற ஜனம், சுரத்துல மட்டும் விட்டுவைக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். லெயோகாடியா சிரிக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக எத்தனையோ வெளிநாட்டுத் தாள்களைக் கையாண்டவர் இந்த ஓர் எழுத்தில் சறுக்கியிருந்தார்.

“வெள்ளத்துல மிச்சமிருந்ததை நானே மூழ்கடிச்சிட்டேன்” என்றார். “பாட்டை நிகழ்ச்சியிலேருந்து எடுத்திடுங்க மாயெஸ்த்ரோ. நானும் போயிடறேன். திங்கட்கிழமை வேற ஆளைப் பாத்துக்குங்க.”

“எங்க போவீங்க? பஸ்ஸுல முன் சீட்டு காலியாயிடும்னு நினைக்காதீங்க, அங்க என் பாஸைத்தான் உக்கார வைப்பேன்” என்றபடியே இக்னாத்ஸி தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். திடீரென்று அவர் குரல் மாறியது. “கொஞ்சம் இருங்க. ஹெச்சும் பியும் ஒரே கோட்டுலதானே உக்காருது? ஒரு சுரம்கூட இடம் மாற வேண்டாம். ஒவ்வொரு வரி தொடக்கத்துலயும் இருக்கிற அஞ்சு ஷார்ப்பை அழிச்சிட்டு ரெண்டு ஃப்ளாட் போட்டா, எல்லாம் அரை சுரம் இறங்கிடும், அது பி! நடுவுல வர்ற குறியை அவங்கவங்க பென்சில்ல திருத்திக்கட்டும்.”

நடத்துநர் ஒரு பக்கத்தை மனத்துக்குள் பாடிப் பார்த்தார். பிறகு கோலைக் கீழே வைத்தார். “ஒயிட்னர் எத்தனை இருக்கு?”

அலுவலகத்தில் இரண்டு புட்டிகள் இருந்தன. எதிர்க் கடையிலிருந்து ஒன்பது வாங்கி வந்தார்கள். இருபத்தெட்டு வாத்தியக்காரர்கள், இருவருக்கு ஒன்றாக இருந்த பதினான்கு தாள்தாங்கிகளின் தாள்களை ஓய்வறை மேசைகளில் பரப்பி உட்கார்ந்தார்கள். நடத்துநர் இரண்டாம் வயலின் தாள்களை எடுத்துக்கொண்டார். பாடகி கேட்காமலே ஒரு புட்டியைத் திறந்தார். “நாப்பது வருஷம் நகப்பூச்சு பூசின கை இது. தள்ளி உக்காருங்க பானி லோஜா, நீங்க காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல.”

“சாப்பிட்டேன்.”

“அப்ப இந்த ரொட்டியைத் திரும்பிப் பாக்காம இருங்க, நான் நம்புறேன்.”

பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் சுற்றி வந்தன. தாளில் எண்ணெய்க்கறை பட்டால் தொலைத்துவிடுவேன் என்று லெயோகாடியா அதட்டினார். “பாத்தீங்களா, வேலையை விட்டுப் போறவங்க பேச்சா இது?” என்றார் இக்னாத்ஸி. அப்போதுதான் லெயோகாடியா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பாடலை ஒத்திகை பார்த்தார்கள். இரவு எட்டேகால் மணிக்கு, சுவரில் வெள்ளக்கோடு இன்னும் மறையாத அரங்கில், எவுலாலியா த்ரோஸ்த் அதைப் பாடினார். திரை ஓரத்தில் நின்று கேட்ட லெயோகாடியா திங்கட்கிழமை வழக்கம்போல் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தார்.

அனுப்பியது சரியாக வந்து சேர்ந்ததா என்று ஆங்கிலக் குழு கேட்டு எழுதியது. ‘மிகச் சரியாக வந்தது. நாங்கள் எல்லோரும் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்’ என்று அவர் பதில் எழுதினார். ‘எல்லோரும்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்திருப்பது கடித நகலில் தெரிகிறது. பின்னாளில் புதிய அச்சுத்தாள் வாங்கலாம் என்று நிர்வாகம் இருமுறை சொன்னபோதும் அவர் வேண்டாம் என்றே சொன்னார். திருத்தியவர்கள் ஒவ்வொருவரும் கடைசி வரிக்குக் கீழே பெயரின் முதலெழுத்தை இட்டிருக்கிறார்கள். பாடகியின் எழுத்தும் அதில் உண்டு.

அந்தத் தாள்கள் இன்று நூலகத்தின் மேல் அடுக்கில் உள்ளன. வரிகள் 410. வெள்ளை பூசப்பட்ட ஷார்ப் குறிகள் 2,050.